உங்கள் இரவும் என் விடியலும்

மார்ச் 3, செவ்வாய், மாலை

அண்ணிக்கு,

என் எவர்சில்வர் வாளியைத் திருப்பித் தரவும்.

நேரில் கேட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நாம் பேசிக்கொள்வதில்லை. அண்ணனைக் கேட்கச் சொன்னேன். "ஒரு பக்கம் பொண்டாட்டி, ஒரு பக்கம் தங்கச்சி, நடுவுல நான் என்ன போஸ்ட்மேனா? எழுதி ஃபிரிட்ஜ் மேல வெச்சுக்குங்க, ஆளை விடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதனால் எழுதுகிறேன்.

அந்த வாளிக்குள் கைப்பேசியையும் நான்கு கரண்டிகளையும் போட்டு வைத்தால்தான் விடிகாலை அலாரம் என் காதில் விழும். வெறும் அலாரம் விழாது. நான் வேண்டுமென்று செய்வதில்லை. ஞாயிறு உங்களுக்கு விடுமுறை, நீங்கள் இரவு ஷிப்டுக்குப் போகாமல் வீட்டில் படுத்திருந்தீர்கள் என்பதை நான் மறந்தது தவறுதான். கரண்டிகள் குதித்த சத்தத்தில் நீங்கள் பதறி எழுந்தீர்கள், உங்கள் குட்டி வாலு அழுதாள். அதற்குத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அம்மா, அண்ணன் எல்லார் முன்னாலும், "காலேஜ் முடிச்சவளுக்கு எழுந்திரிக்கத் தெரியல, என்னத்தைப் படிச்சாளோ" என்றீர்கள். இந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதைச் சொல்லி அடித்தால் எங்கே வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

"பகல் பூரா குறட்டை விடறவங்க பேசறாங்க" என்று நான் திருப்பிச் சொன்னதும் தப்புதான். ஆனால் அதை இன்னும் வாபஸ் வாங்கவில்லை.

இன்று வாளியைக் காணோம். கம்பெனி பஸ் போய்விட்டது. ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் விளக்கு மேஜையில் உட்கார்ந்து மருந்துக் குப்பிகளைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாம்.

வாளி.

உங்கள் நாத்தனார்


மார்ச் 4, புதன், காலை

பட்டதாரி அம்மாவுக்கு,

வாளியை நான் எடுக்கல. உங்க அம்மா அதுல துணி ஊற வெச்சிருக்காங்க. கொல்லைப்புறம் போய்ப் பாரு. கண்ணு இருந்தா தெரியும். மருந்துக் குப்பியில தூசு தேடற வேலை பார்க்கிற, வீட்டுல வாளி தெரியல.

குறட்டைன்னியே, அதுக்கு வர்றேன். காலையில ஏழு மணிக்கு வீட்டுக்கு வர்றேன். வாலுவுக்குத் தலை வாரி, ஸ்கூலுக்கு அனுப்பி, ஒன்பது மணிக்குப் படுக்கிறேன். பத்து மணிக்கு கேஸ் சிலிண்டர். அதுக்கப்புறம் குக்கர். அதுக்கப்புறம் பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, "என்னம்மா இந்த நேரத்துல படுத்திருக்க, ஏதாவது விசேஷமா?"ங்கிறா. விசேஷமாம். நீ மத்தியானம் வந்து பார்க்கிறப்ப கேக்குது பாரு குறட்டை, அது நான் கண்ணசந்த முதல் அரை மணி நேரம்.

போன வாரம் ஸ்கூல்ல பெத்தவங்க கூட்டம். காலையில பத்தரைக்கு. எல்லா அம்மாக்களும் குளிச்சு முழுகி மினுக்கிக்கிட்டு வந்திருக்காங்க. டீச்சர் பேசப் பேச நான் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தேன். "நீங்கதாங்க எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டீங்க"ன்னு சந்தோஷமாச் சொல்றாங்க. நான் எங்க ஒத்துக்கிட்டேன், தூங்கி விழுந்துட்டிருந்தேன். இப்ப ஆண்டு விழாவுக்கு நாப்பது பிள்ளைங்களுக்கு நான்தான் சிறகு ஒட்டணுமாம்.

உனக்கென்ன. மத்தியானம் வீடு, சாயங்காலம் பூரா உன்னுது, ராத்திரி உலகத்தோட சேர்ந்து தூக்கம். காலையில கொஞ்சம் சீக்கிரம் எழுந்திரிக்கிறது கசக்குது.

அண்ணி


மார்ச் 5, வியாழன், மாலை

அண்ணிக்கு,

வாளி கிடைத்தது. நன்றி.

"கொஞ்சம் சீக்கிரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே சொல்லுங்கள்.

இன்று காலை என் தட்டில் உளவாளிகள் வந்தன. உங்களுக்குத் தெரியாததில்லை. நாம் யார் எவ்வளவு கூர்ந்து பார்க்கிறோம் என்று சோதிக்க, நல்ல குப்பிகளுக்கு நடுவே தெரிந்தே தூசும் நூலும் உள்ள குப்பிகளைக் கலந்து வைப்பார்களே, அவைதான். குப்பியை எடுத்தேன், சுழற்றினேன், கறுப்புப் பலகைக்கு முன் பிடித்தேன், வெள்ளைப் பலகைக்கு முன் பிடித்தேன், வைத்தேன். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் நான் அங்கே இல்லை. எங்கே போனேன் என்று தெரியாது. பாதி உளவாளிகள் என்னைத் தாண்டி நல்ல தட்டுக்குப் போய்விட்டன.

இது இரண்டாவது முறை. நான் இன்னும் தற்காலிகம்தான். மூன்றாவது முறை தவறினால் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். நம் பூதக்கண்ணாடி சூப்பர்வைசர் கழுத்தில் தொங்கும் லென்ஸைத் திருகிக்கொண்டே, "நீ அடக்கமான பொண்ணுதான், ஆனா குப்பிக்கு அடக்கம் போதாதும்மா" என்றார்.

வேலை போவதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. அந்த மருந்து யாருடைய கையிலோ ஊசியாக ஏறும். யாரோ என் கண்ணை நம்பிப் படுத்திருப்பார்கள்.

இதெல்லாம் உங்களுக்கு எப்படிப் புரியும்? இரவு ஷிப்டை நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டதாக உடை மாற்றும் அறையில் சொல்கிறார்கள். பிடித்த நேரத்தில் வேலை பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள்.

நாத்தனார்


மார்ச் 6, வெள்ளி

ஏய்,

கொடுத்து வெச்சவளா நான்?

ஆமா, கேட்டுத்தான் வாங்கினேன். யாருக்காகன்னு அந்த உடை மாத்தற ரூம்ல சொன்னாங்களா? நீ வேலைக்குச் சேர்ந்தப்ப காலை ஷிப்டுல இடம் காலி இல்ல. உன்னை ராத்திரியில போடறதா இருந்தது. நாலு பேர் இருக்கிற இடத்துல வாயைத் திறக்காத பொண்ணு, ராத்திரியில அவ்வளவு பெரிய ஹால்ல தனியா என்ன பண்ணுமோன்னு பதறிப்போய் பூதக்கண்ணாடிகிட்ட நான்தான் போய் நின்னேன். "என் காலை ஷிப்டை அவளுக்குக் கொடுங்க, நான் ராத்திரி வர்றேன்"னேன். உனக்குத் தெரிய வேண்டாம்னுதான் இருந்தேன். இப்ப தெரிஞ்சுக்கோ.

அஞ்சு வருஷமா காலை ஷிப்டுல இருந்தவ நான். ஒரு உளவாளி என்னைத் தாண்டினது கிடையாது. இப்ப ராத்திரி மூணு மணிக்கு என்ன கதின்னு கேளு. கர்சீப்பை ஐஸ் தண்ணியில நனைச்சுக் கழுத்துல சுத்திக்கிறேன். நின்னுக்கிட்டே பார்க்கிறேன். உதட்டைக் கடிச்சுக் கடிச்சு உள்ளே புண்ணு. போன மாசம் நானும் ஒரு தடவை கோட்டை விட்டேன். உங்க அண்ணனுக்குக்கூடச் சொல்லல. அஞ்சு வருஷத்துப் பேரு ஒரு ராத்திரியில போச்சு.

அதைவிடு. நேத்து வாலு பொம்மையைத் தூங்க வெச்சு விளையாடறா. பொம்மை காதுல, "ஷ்ஷ், அம்மா தூங்கறாங்க, சத்தம் போடாதே"ங்கிறா. தாலாட்டுன்னா அதுதான்னு நினைச்சுட்டிருக்கா.

இனி எழுதாதே. பதில் எழுத எனக்குத் தெம்பு இல்ல.


மார்ச் 10, செவ்வாய்

அண்ணி,

எழுத வேண்டாம் என்றீர்கள். நான்கு நாள் எழுதவில்லை. உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். முதலில், குறட்டையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முழுவதுமாக.

இரண்டாவது, ஒரு கேள்வி. சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். யாரும் எழுப்பாவிட்டால், வேலையும் இல்லாவிட்டால், நீங்கள் எப்போது தூங்குவீர்கள், எப்போது எழுவீர்கள்?

நீங்கள் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். பேசாமல் இருப்பதில் ஒரு லாபம், பார்க்க நிறைய நேரம் கிடைக்கிறது. விடுமுறை நாளில் இரவு எட்டு மணி ஆனால் உங்கள் பேச்சு நடுவிலேயே அறுந்துபோகும். அண்ணன் "அப்புறம்?" என்று கேட்டால் பதில் வராது, உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பீர்கள். விடிகாலை நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பும்போது, யாருமே கேட்காமல் நீங்கள் எழுந்து கொல்லையைக் கழுவிக்கொண்டிருப்பீர்கள், அதுவும் பாட்டுப் பாடிக்கொண்டு. ஞாயிறு அன்று என் கரண்டிகள் உங்களை எழுப்பியிருக்காவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் நீங்களாகவே எழுந்திருப்பீர்கள்.

நான் அதற்கு நேர் எதிர். இரவு ஒன்பது மணிக்கு மேல் யாரோ எனக்குள் விளக்குப் போட்டதுபோல் இருக்கும். பரீட்சைக்கெல்லாம் ஊர் அடங்கிய பிறகுதான் படித்தேன். படுத்தாலும் தூக்கம் வராது, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். நான் சோம்பேறி என்று அம்மா சொல்லிச் சொல்லி நானும் நம்பிவிட்டேன். கல்லூரியில் விலங்கியல் படித்தபோது ஒரு பாடம் வந்தது. உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அது ஆளுக்கு ஆள் முன்னே பின்னே ஓடும், பிறவியிலேயே கொஞ்சம் அப்படித்தான் என்று இருந்தது. தவளைக்கும் எலிக்கும் என்று எழுதிப் பாஸ் செய்தேன். எனக்கும் அதுதான் என்று தோன்றவே இல்லை.

அண்ணி, உங்கள் செருப்பை என் காலில் மாட்டிவிட்டு என் செருப்பில் நீங்கள் நடக்கிறீர்கள். அன்பினால்தான் மாட்டினீர்கள். ஆனால் இரண்டு பேருக்கும் கால் புண்ணாகிவிட்டது. மாற்றிக்கொள்ளலாமா?

உங்கள் நாத்தனார்


மார்ச் 11, புதன், காலை

அடிப் பாவி,

படிச்சுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டேன். அப்புறம் சிரிச்சேன். உனக்கு நல்லது பண்றேன்னு ராத்திரி ராத்திரியா கழுத்துல ஐஸ் கர்சீப்போட நின்ன என்னை எதால அடிக்கிறது?

கேள்விக்குப் பதில். கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுல என்னைச் சேவல்னு கூப்பிடுவாங்க. போதுமா?

ஆனா நீ நினைக்கிற மாதிரி சுலபமில்ல. உங்க அம்மா இருக்காங்க. கல்யாணம் ஆகாத பொண்ணு ராத்திரி வேலைக்கான்னு வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாங்க. அதை நான் பார்த்துக்கிறேன். மாமியார் டிபார்ட்மெண்ட் என்னுது.

பூதக்கண்ணாடி உன்னுது. நான் வர மாட்டேன். போன தடவை உனக்காக நான் பேசப்போய்த்தான் இந்தக் கூத்து. இந்தத் தடவை உன் வாயால நீயே பேசு. வாய்க்குள்ளேயே முணுமுணுக்காதே. முணுமுணுத்தா அவர் லென்ஸை எடுத்துத் தேடுவார்.

சேவல்


மார்ச் 12, வியாழன், மாலை

அண்ணி,

பேசிவிட்டேன்.

வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு அவர் மேஜைக்கு முன் போய் நின்றேன். "சார்" என்றேன். அவர் தலை தூக்கி எனக்குப் பின்னால் பார்த்தார். "யாரும்மா கூப்பிட்டது?" அங்கே என்னைத் தவிர யாருமில்லை.

சொன்னேன். கடிகாரம், சேவல், தவளை, எல்லாம் கலந்து ஏதோ சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "தூங்கி வழியறவங்க எல்லாரும் ஒரு காரணம் சொல்வாங்கம்மா. ஒருத்தருக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருத்தருக்கு மாமியார் வந்திருக்காங்க. உனக்கு விஞ்ஞானம்" என்றார். வழக்கமாக இருந்தால் அத்தோடு "சரிங்க சார்" என்று வந்திருப்பேன். திரும்பி ஒரு அடி வைக்கவும் செய்தேன். அப்போது அவர் மேஜைக்குப் பக்கத்தில் இருந்த தராசு கண்ணில் பட்டது.

"சார், அந்தத் தராசை ஏன் கல் மேடையில வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ஆடற மேஜையில வெச்சா எடை தப்பாக் காட்டும்."

"அப்ப தராசைக் குத்தம் சொல்வீங்களா, மேஜையைக் குத்தம் சொல்வீங்களா?"

அவர் லென்ஸைத் திருகுவதை நிறுத்தினார்.

"நானும் அண்ணியும் ஆடற மேஜையில இருக்கோம் சார். மாத்தி வெச்சு ஒரே ஒரு தடவை உளவாளிகளைக் கலந்து பாருங்க. அவங்களுக்குக் காலையில, எனக்கு ராத்திரியில."

"நீ தவறினா?"

"அதையே மூணாவதுன்னு வெச்சுக்குங்க சார்."

இதை யார் சொன்னது என்று எனக்கே தெரியவில்லை. என் வாயிலிருந்துதான் வந்தது. இரண்டு வாரம் மாற்றிப் பார்க்கலாம், இரண்டாவது வாரத்தில் சோதனை, என்று சொன்னார். மேனேஜரிடம் அவரே பேசிக்கொள்வாராம். வெளியே வந்து கைகழுவும் இடத்தில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

தவறினால் வேலை போய்விடும் அண்ணி. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லிக்கொண்டால் பயம் கொஞ்சம் குறைகிறது.


மார்ச் 13, வெள்ளி

தங்கத்துக்கு,

தராசுக் கேள்வியை உங்க அண்ணன்கிட்ட மூணு தடவை படிச்சுக் காட்டிட்டேன். மூணாவது தடவை அவரே வாங்கிப் படிச்சுட்டு, "இது நம்ம வீட்டுப் பிள்ளையா?"ன்னார்.

உங்க அம்மாகிட்டப் பேசிட்டேன். எதிர்பார்த்த மாதிரியே, "நாலு பேர் என்ன சொல்வாங்க?"ன்னாங்க. "அந்த நாலு பேரும் ராத்திரி தூங்கிட்டிருப்பாங்க அத்தை, அவங்களுக்கு எங்க தெரியப்போகுது"ன்னேன். முறைச்சாங்க. "பொண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்துல"ன்னாங்க. "இப்ப வரன் வந்தா மட்டும்? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி தட்டோட தூங்கி விழுவா. பரவாயில்லையா?"ன்னேன். அதுக்குக் கொஞ்சம் யோசிச்சாங்க. கடைசியில நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். "உங்க மருமக ராத்திரி போறப்ப எந்த நாலு பேரும் உங்க ஞாபகத்துக்கு வரலையே, அத்தை?"

சாயங்காலம் கூப்பிட்டு, "கம்பெனி வண்டி வாசல் வரைக்கும் வருமா?"ன்னு மட்டும் கேட்டாங்க. வரும்னேன். அவ்வளவுதான்.

இனி பகல்ல தூங்கப்போறவ நீ. தொழில் ரகசியம் சொல்றேன். காலையில வீட்டுக்கு வர்றப்ப கறுப்புக் கண்ணாடி போட்டுக்கோ, வெயில் கண்ணுல பட்டா தூக்கம் ஓடிப்போயிடும். ஜன்னலுக்குப் பழைய போர்வையை ரெண்டா மடிச்சு ஆணி அடிச்சு வெச்சிருக்கேன். சிலிண்டர்காரர்கிட்டச் சாயங்காலம் வரச் சொல்லிட்டேன். பக்கத்து வீட்டம்மாகிட்ட, விசேஷம் எதுவும் இல்ல, இருந்தா நாங்களே வந்து சொல்றோம்னு சொல்லிட்டேன். அடுக்களையில பகல் மூணு மணி வரைக்கும் குக்கருக்குத் தடை. இதெல்லாம் எனக்காகச் செஞ்சிருக்கலாம். தோணல பாரு.

அண்ணி


மார்ச் 26, வியாழன், காலை

அண்ணி,

நீங்கள் இந்நேரம் விளக்கு மேஜையில் இருப்பீர்கள். நான் இப்போதுதான் வந்தேன். கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். அம்மா, "வந்ததும் வராததுமா என்னத்தை எழுதற?" என்கிறாள்.

நேற்று இரவு உளவாளிகள் வந்தன.

அவரே வந்திருந்தார், வீட்டுக்குப் போகாமல். என் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் குப்பியைச் சுழற்றும்போது முதுகு வேர்த்தது. ஐந்தாறு குப்பிகளுக்குப் பிறகு அவர் இருப்பதையே மறந்துவிட்டேன். அண்ணி, எப்படிச் சொல்வது, எனக்குத் தெரிந்தது. மருந்துக்குள் ஒரு நூலிழை திரும்பினால் அது திரும்புவது தெரிந்தது. காலை ஷிப்டில் இதே குப்பிகளைத் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது தலையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிவிட்டேன்.

முடிந்ததும், கெட்டது என்று நான் ஒதுக்கிய குப்பிகள் இருந்த சிவப்புத் தட்டை எடுத்து எண்ணினார். மறுபடி எண்ணினார். "நான் கலந்ததைவிட ஒண்ணு அதிகமா இருக்கு. நல்ல குப்பியைக் கெட்டதுன்னு ஒதுக்கினாலும் தப்புதான், தெரியுமில்ல?" என்றார்.

உளவாளிகளின் அடியில் ஊதா விளக்குக்கு மட்டும் தெரியும் மை இருக்குமே, குப்பிகளைக் கவிழ்த்து அந்த விளக்கைக் காட்டினார். வரிசையாக மின்னின. ஒன்று மட்டும் மின்னவில்லை. அதை எடுத்துச் சுழற்றினார், நிமிர்த்திப் பார்த்தார். "இதுல ஒண்ணுமில்லையேம்மா" என்று மெதுவாகச் சொன்னார். பாவப்பட்டுச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நிமிர்த்தாதீங்க சார்" என்றேன். "சாய்ச்சுப் பிடிங்க. கழுத்துக்குக் கீழே, தோள் வளையற இடத்துல பாருங்க."

அவர் சாய்த்தார். கறுப்புப் பலகைக்கு முன் பிடித்தார். கழுத்திலிருந்த லென்ஸைக் கண்ணில் வைத்தார். அப்படியே இருந்தார். மூச்சு விடுகிறாரா என்று பார்த்தேன்.

கண்ணாடிச் சில்லு. முடியைவிட மெல்லியது. தோள் வளைவில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது நான் போட்டது இல்ல" என்றார்.

"தெரியும் சார். இது மெஷின் போட்டது."

எழுந்து நின்று ஹால் முழுவதும் கேட்கும்படி கத்தினார். "லைனை நிறுத்து!"

எல்லாம் நின்றது. அந்த இரைச்சல் அடங்கியபோதுதான் அவ்வளவு நேரம் இரைச்சல் இருந்தது என்றே தெரிந்தது. குப்பியை மூடும் இடத்தில் ஒரு பற்சக்கரம் விளிம்பை உரசிக்கொண்டிருந்ததாம். அன்றைய குப்பிகள் மொத்தத்தையும் திரும்பப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். இன்னும் சில கிடைத்தன. ஒன்றுகூட வெளியே போகவில்லை. யாருடைய கையிலும் ஏறாது.

விடிகிற நேரத்தில் நானும் கொஞ்சம் தள்ளாடினேன், அதை மறைக்க மாட்டேன். இரவு யாருக்கும் பஞ்சு மெத்தை இல்லை. ஆனால் தள்ளாடுவது வேறு, மூழ்குவது வேறு.

கிளம்பும்போது பூதக்கண்ணாடி கூப்பிட்டு, "மூணாவது இல்லம்மா, முதலாவது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடியை வாகாக அப்போதே போட்டுக்கொண்டேன்.

உங்களுக்கு நாளைக்குச் சோதனை. பாட்டுப் பாடிக்கொண்டே போங்கள்.


மார்ச் 27, வெள்ளி, மாலை

என் கண்ணே,

நீ தூங்கறப்பக் கதவைத் திறந்து பார்த்தேன். வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு, குறட்டை. சத்தியமா. வாலுவைக் கூப்பிட்டுக் கேக்க வெச்சேன். அவளும் சாட்சி.

காலையில உடை மாத்தற ரூம்ல எல்லாரும் என்னைச் சூழ்ந்துக்கிட்டாங்க. "உங்க நாத்தனாராமே!" "அந்த வாயில்லாப் பூச்சியாமே!" "வாயில்லாப் பூச்சிதான், ஆனா கண்ணைப் பார்த்தீங்களா?"ன்னேன். இந்த அளவுக்கு நான் பீத்திக்கிட்டது கல்யாணத்தப்பகூட இல்ல.

என் சோதனையைக் கேளு. பூதக்கண்ணாடி தட்டை வைக்கறப்பவே சிரிச்சார். வெளியே வெளிச்சம் வந்துட்டிருக்கு, என் உடம்பு பூரா முழிச்சிருக்கு. ஒவ்வொரு உளவாளியையும் காதைப் பிடிச்சு இழுத்து வெளியே போட்டேன். ஒண்ணு தப்பல. முடிச்சுட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், பக்கத்து மேஜைக்காரி இன்னும் பாதித் தட்டுல இருக்கா. அவ கண்ணைப் பார்த்தேன். உன் பழைய கண்ணு. நீ இருந்த இடத்துல உட்கார்ந்திருக்கிற இன்னொருத்தி அவ. பூதக்கண்ணாடியும் அவளையேதான் பார்த்துக்கிட்டிருந்தார்.

நேத்து ராத்திரி எட்டு மணிக்கு வாலுவைத் தூங்க வைக்கப் படுத்தேன். அவதான் எனக்குக் கதை சொன்னாளாம். பாதியிலேயே அம்மா தூங்கிட்டாங்கன்னு எழுந்துபோய் அவ அப்பாகிட்ட, "அம்மாவைத் தூங்க வெச்சுட்டேன், இனிமே நீங்க சத்தம் போடலாம், அம்மாவுக்குக் கேக்காது"ன்னு சொன்னாளாம்.

உங்க அம்மா என்ன பண்ணினாங்க தெரியுமா? பக்கத்து வீட்டம்மா வந்து, "பொண்ணு ராத்திரி வேலைக்காமே"ன்னு இழுத்தா. "ஆமா, என் பொண்ணு மெஷினையே நிறுத்தினா. உங்க வீட்டுல யாராவது ஒரு மிக்ஸியையாவது நிறுத்தியிருக்காங்களா?"ன்னுட்டாங்க. நான் அடுக்களையில நின்னு வாயைப் பொத்திக்கிட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 9, வியாழன், காலை

அண்ணி,

மேனேஜர் போட்ட கூட்டத்தை இந்த வாரம் பகலில் நீங்களும் பார்த்திருப்பீர்கள், இருந்தாலும் இரவு நடந்ததை நான் சொல்லியாக வேண்டும்.

பூதக்கண்ணாடி சொன்னதைக் கேட்டு மேனேஜர் இரவு ஷிப்டு ஆட்களையும் கூட்டி வைத்து, நான் உங்களிடம் கேட்ட அதே கேள்வியை ஒவ்வொருவரிடமும் கேட்டார். யாரும் எழுப்பாவிட்டால் எப்போது எழுவீர்கள்? என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். விளக்கிச் சொல்லச் சொன்னார். எத்தனை ஜோடிக் கண்கள் என்று எண்ணவில்லை, எண்ணினால் நின்றிருக்க மாட்டேன். சொன்னேன். பின்வரிசையில் ஒருவர், "சத்தமா!" என்றார். சத்தமாகச் சொன்னேன்.

பிறகு சந்தைதான். மூடி போடும் அக்கா, "நானெல்லாம் பிறந்ததுலேர்ந்தே சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கண்ணு திறக்க மாட்டேன், என் கல்யாண ரிசப்ஷன்லயே என்னைத் தூக்கிட்டு வந்துதான் உட்கார வெச்சாங்க" என்றார். பெட்டி அடுக்கும் அண்ணன் நாலரைக்குக் கோழியோடு எழுபவராம், இத்தனை வருஷமாக இரவில் நின்றிருக்கிறார். "யாரும் கேக்கலையே சார்" என்றார். எங்கே இருந்தாலும் எனக்கு ஒன்றுதான் என்று சொன்னவர்களும் நிறையப் பேர். அவர்கள் மற்றவர்களுக்காக இடம் மாறிக்கொள்ளச் சம்மதித்தார்கள். உங்கள் பக்கத்து மேஜைக்காரி மதிய ஷிப்டுக்குப் போகிறாள். அடுத்த வாரத்திலிருந்து புது அட்டவணை. இனி யார் வேலைக்குச் சேர்ந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் ஷிப்டு.

என் புது அடையாள அட்டையில் தற்காலிகம் என்ற வார்த்தை இல்லை. இரவு முழுக்க அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று இரவு எனக்கு வார விடுமுறை. நீங்களும் மூன்று மணிக்கு வந்துவிடுவீர்கள். நான் நாலரைக்கு எழுந்துவிடுவேன். ஐந்து மணிக்கு நம் இரண்டு பேருக்கும் கண் திறந்திருக்கும், தலை தெளிந்திருக்கும், யாரும் எங்கும் ஓட வேண்டியதில்லை. இந்த வீட்டில் அப்படி ஒரு நேரம் வந்ததாக எனக்கு நினைவில்லை. சேர்ந்து தேநீர் குடிக்கலாமா? என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. எழுதிப் பழகிவிட்டது.

உங்கள் நாத்தனார்


அதே நாள், மத்தியானம்

வந்துட்டேன். நீ இன்னும் தூங்கற, எழுப்பல.

அஞ்சு மணிக்கு மொட்டை மாடிக்கு வா. டீ நான் போடறேன், நீ போட்டா மனுஷன் குடிக்க முடியாது. என்ன பேசறதுன்னு கவலைப்படாதே. அந்தக் கண்ணாடிச் சில்லை நீ எப்படிக் கண்டுபிடிச்சேன்னு முதல்லேர்ந்து சொல்லு. படிச்சது போதாது. உன் வாயால கேக்கணும்.